நகரும் எல்லையும் நகராத உரிமையும்: செங்கோட்டை வழி ஓர் அரசியலமைப்பு ஆய்வு

தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் இடையே ஏறத்தாழ எட்டு கிலோமீட்டர்தான். 1956 வரை அந்தத் தொலைவுக்குள் ஓர் ஆட்சி முடிந்து இன்னோர் ஆட்சி தொடங்கியது. தென்காசி சென்னையைச் சேர்ந்தது. செங்கோட்டை திருவிதாங்கூரையும், 1949 முதல் திருவிதாங்கூர்-கொச்சியையும் சேர்ந்தது. பேச்சும் கொள்வினை கொடுப்பினையும் பொது. சட்டம் மட்டும் வேறு.

1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் வெளியிட்ட ஆலயப் பிரவேசப் பிரகடனம், அரசின் பொறுப்பிலிருந்த கோயில்களை இந்துக்கள் அனைவருக்கும் திறந்துவிட்டது. தென்காசிப் பக்கம் அப்படியொரு சட்டமே அப்போது இல்லை. 1939இல் இராஜாஜி அமைச்சரவை கொண்டுவந்த சட்டம், கோயிலைத் திறக்க முன்வந்த அறங்காவலர்களுக்குப் பாதுகாப்பு அளித்தது. திறந்தே ஆகவேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. விரிவான சட்டம் 1947இல்தான் வந்தது. இந்த ஒன்றில் மன்னராட்சி முந்திக்கொண்டது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் கோயிலைத் திறந்த அதே அரசுதான் 1938இல் மலையாள மனோரமா நாளிதழை மூடியது. 1947 ஜூனில் திவான் சி.பி. இராமசாமி ஐயர், திருவிதாங்கூர் தனிநாடாகும் என்று அறிவித்தபோது குடிமக்களின் ஒப்புதல் கேட்கப்படவில்லை. அந்த அறிவிப்பு நிலைத்திருந்தால் செங்கோட்டைக்காரருக்குத் தென்காசி அயல்நாடாகியிருக்கும். மன்னர் மனமுவந்து தந்ததை அடுத்த மன்னரோ திவானோ திரும்பப் பெற்றால் தட்டிக்கேட்க வழியில்லை. நல்ல மன்னர் வாய்த்த தலைமுறைக்கு மட்டுமே கிட்டுவதைச் சுதந்திரம் என்று சொல்ல முடியாது.

1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, ஆள்வோருக்கும் குடிமக்களுக்குமான இந்த உறவை மாற்றியது. தீண்டாமையை ஒழித்த 17ஆம் பிரிவு எந்த அரசின் கருணையையும் எதிர்பார்க்கவில்லை. அடிப்படை உரிமைக்கு முரணான சட்டம் செல்லாது என்றது 13ஆம் பிரிவு. உரிமை மீறப்பட்டால் நேரே உச்ச நீதிமன்றம் செல்லலாம் என்றது 32ஆம் பிரிவு.

அதே அரசியலமைப்பு மாநில எல்லைகளை இவ்வளவு இறுக்கிக் கட்டவில்லை. 3ஆம் பிரிவின்படி நாடாளுமன்றம் சாதாரணச் சட்டத்தாலேயே எல்லையை மாற்றலாம். தாய்த் தமிழகத்தோடு இணையக் கோரி திருவிதாங்கூர் தமிழர் நடத்திய போராட்டத்தில், 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் பலியாயின. 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டை சென்னை மாநிலத்துக்கு வந்தது. ஆட்சிமொழியும் உயர் நீதிமன்றமும் மாறின. அடிப்படை உரிமைகள் மாறவில்லை. எதை எளிதில் மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்று பிரித்து வைத்ததில்தான் வருங்காலத் தலைமுறைக்கான காப்பு இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

அந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதைத் தெளிவாக்கிய வழக்கும் ஓர் எல்லையூரிலிருந்தே வந்தது. செங்கோட்டை இங்கு வந்த அதே நாளில் கேரளத்துக்குப் போன காசர்கோட்டில் உள்ள எடநீர் மடத்தின் தலைவர் கேசவானந்த பாரதி தொடுத்த வழக்கு அது. 1973 ஏப்ரல் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 13 நீதிபதிகளில் 7 பேர், அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றமும் மாற்ற முடியாது என்றனர். ஒரே ஒரு வாக்கு வித்தியாசம்! மூன்றே ஆண்டில், நெருக்கடி நிலையின்போது, சிறைப்பட்டவர் நீதிமன்றத்தை நாட உரிமையில்லை என்று அதே நீதிமன்றம் கைவிரித்தது, நீதிபதி எச்.ஆர். கன்னா மட்டும் மாறுபட்டார். 1978இன் 44ஆம் திருத்தம், உயிருக்கும் உடல் சுதந்திரத்துக்குமான 21ஆம் பிரிவை நெருக்கடி நிலையிலும் நிறுத்திவைக்க முடியாதபடி செய்தது. எழுதிவைத்த உரிமையையும் ஒரு தலைமுறை இழக்கலாம், போராடி மீட்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

உரிமை ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது, அமலாகவும் வேண்டும். 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில், பட்டியலினக் குழந்தைகளுக்குத் தின்பண்டம் தர மறுத்த கடைக்காரரின் காணொளி பரவியது. கடைகளில் பாகுபாடு கூடாது என்று 15ஆம் பிரிவு பெயர் சொல்லியே தடுக்கிறது. காவல்துறை அவரைக் கைது செய்தது. கடைக்குச் சீல் வைக்கப்பட்டது. சம்பந்தப்பட்டோர் ஊருக்குள் நுழைய நீதிமன்றம் ஆறு மாதம் தடை விதித்தது. காணொளி வெளிவராத ஊர்களில் இதே பிரிவை அமல்படுத்த வேண்டிய பொறுப்பு மாவட்ட நிர்வாகத்துடையது. புகார் வரும்வரை காத்திருக்க அதற்கு எந்த நியாயமும் இல்லை.