குமாரமங்கலம் ஜமீன்தார் எழுதிய மறுப்பு

திருச்செங்கோடுன்னாலே ரிக் வண்டியும் மலைக்கோயிலும்தான் ஞாபகம் வரும். பக்கத்துல குமாரமங்கலம் ஜமீன்தார் ப.சுப்பராயனைப் பத்திக் கேட்டா, "சென்னை மாகாண முதல் மந்திரி (1926-30), ராணுவத் தளபதி குமாரமங்கலத்தோட அப்பா"ன்னு முடிச்சிடுவாங்க. எனக்குப் பிடிச்ச கதை வேறங்க.

1937 ராஜாஜி அமைச்சரவையில் கல்வி மந்திரி இவர்தான். 1938ல பள்ளிகளில் கட்டாய இந்தி வந்தது இவர் துறையில்தான். எதிர்த்துச் சிறைக்குப் போன நடராசனும் தாளமுத்துவும் 1939ல இறந்துபோனாங்க.

அதே மனுஷன், 1955ல மத்திய அரசு பி.ஜி.கேர் தலைமையில் அமைத்த ஆட்சிமொழி ஆணையத்தில் உறுப்பினர். பெரும்பான்மை அறிக்கை இந்திப் பக்கம் சாய்ஞ்சப்போ, இவரும் வங்காளத்து சுனிதி குமார் சட்டர்ஜியும் தனித்தனியா மறுப்பு எழுதினாங்க. அவசரப்பட்டு இந்தியைத் திணிக்காதீங்க, ஆங்கிலம் தொடரட்டும் என்பதுதான் சாரம்.

1957ல திருச்செங்கோட்டிலிருந்து மக்களவைக்குப் போய், மத்திய மந்திரியும் ஆனார். 1962 தேர்தல்ல அதே தொகுதியை தி.மு.க. பிடிச்சது. அந்த வருஷமே, மகாராஷ்டிர ஆளுநரா இருக்கும்போது காலமானார்.

சொந்தக் கட்சி டெல்லியை ஆளும்போதே அப்படி எழுத தைரியம் வேணும். ஆனா அந்தத் தைரியம் பதினெட்டு வருஷம் லேட். பாராட்டுறதா, கோவப்படுறதா? எனக்கு இன்னும் முடிவாகலை. நீங்க என்ன சொல்றீங்க மக்களே?