அட்டைப்பூச்சி அடித்த மணி

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து போன பிறகு, விம்கோ நகரில் எந்த டீக்கடையில் நின்றாலும் ஒரே பேச்சுதான். "எங்க தெரு நாய் முந்தின நாளே மாடிப்படி ஏறிடுச்சு சார்." "காக்கா ஒண்ணுகூடக் கண்ணுல படலையே, கவனிச்சீங்களா?" கடைசியில் யாராவது ஒருவர், "இவனுங்களுக்கு சாட்டிலைட் வேணும், நாய்க்கு வேணாம்" என்று முடிப்பார். எல்லோரும் சிரிப்போம்.

விலங்குகளுக்கு வானிலை முன்கூட்டியே தெரியுமா என்பது சிரித்துவிட்டுப் போகும் விஷயம் அல்ல. கடலை நம்பிப் பிழைக்கும் நம் கரையில் அது உயிர்ப் பிரச்சினை. அதனால் கொஞ்சம் பழைய கதையிலிருந்து தொடங்குகிறேன்.

எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போனால் மழை. தட்டான் தாழப் பறந்தால் மழை. அந்தியில் ஈசல் கிளம்பினால் அடைமழை. நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன இவை எல்லாம் வெறும் கட்டுக்கதை அல்ல. காற்றில் ஈரம் ஏறுவதும், காற்றழுத்தம் இறங்குவதும் சின்ன உடம்புகளுக்குச் சீக்கிரம் உறைக்கும். தீப்பெட்டிக் கம்பெனியின் பெயரையே ஊருக்கு வைத்துக்கொண்டிருக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஈரக்காற்று அடித்தால் குச்சியின் மருந்து நமத்துப்போகும், உரசினால் பற்றாது. அதற்காகத் தீக்குச்சிக்கு ஞானதிருஷ்டி உண்டு என்று யாரும் சொல்வதில்லை. எறும்பையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். அது நாளையை அறியவில்லை, இன்றைக்கு மாறிவிட்ட காற்றை நம்மைவிட முந்தி அறிகிறது.

நம் சென்னைக்கு ஒரு காலத்தில் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். சரக்கும் ஆளும் மசூலாப் படகில் கரைக்கு வரும். புயல் வந்தால் தப்ப ஒரே வழி, நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு ஆழ்கடலுக்கு ஓடிவிடுவது. அதற்கு முன்கூட்டித் தெரிய வேண்டுமே! 1746 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே கோட்டையைப் பிடித்தார். அடுத்த மாதமே ஒரு புயல் அவருடைய கப்பல்களைச் சின்னாபின்னமாக்கியது. கோட்டையைப் பிடித்தவரால் காற்றைக் கணிக்க முடியவில்லை. 1872 மே மாதப் புயலிலும் இங்கே நின்ற கப்பல்கள் பல கரையில் மோதின. பிறகு துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். அரைகுறையாக எழும்பிய அந்தச் சுவரையும் 1881 நவம்பர் புயல் வந்து பெயர்த்தது.

அந்தக் காலத்தில் ஐரோப்பாவிலும் இதே கவலைதான். இங்கிலாந்தின் விட்பி என்ற கடலோர ஊரில் ஜார்ஜ் மெரிவெதர் என்று ஒரு டாக்டர். அன்றைய டாக்டர்கள் இரத்தம் எடுக்க அட்டைப்பூச்சி வைத்திருப்பார்கள் அல்லவா? இடிமழைக்கு முன்னால் அட்டைகள் துடித்து மேலே ஏறுவதை அவர் கவனித்தார். 12 கண்ணாடிப் புட்டிகளில் 12 அட்டைகளை விட்டு, மேலே ஏறும் அட்டை ஒரு சின்ன எலும்பைத் தட்டினால் மணி அடிக்கும்படி ஒரு கருவி செய்தார். எத்தனை மணி அடிக்கிறதோ அத்தனை பலமான புயல்! 1851 லண்டன் பொருட்காட்சியில் அதை வைத்தார். நாட்டின் கடற்கரை நெடுக இதை நிறுவலாம் என்று அரசாங்கத்திடமும் சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. பத்தே வருடத்தில், 1861-ல், அட்மிரல் ஃபிட்ஸ்ராய் பாதரசக் காற்றழுத்தமானியையும் தந்தியையும் நம்பி துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பத் தொடங்கினார். பாவம் அந்த டாக்டர். எனக்கு அவர்மேல் ஒரு தனிப் பிரியம்.

அட்டை தோற்றதற்குக் காரணம் அதற்கு ஒன்றும் தெரியாது என்பதல்ல. தனக்கு மேலே இருக்கும் காற்றைத் தவிர வேறு எதுவும் அதற்குத் தெரியாது. தந்திக்கோ, நூறு மைல் தள்ளி இருக்கும் காற்றும் தெரியும். நம் நாட்டிலும் 1864 கல்கத்தா புயலும், பின்னால் வந்த மழைப் பஞ்சங்களும் சேர்ந்து 1875-ல் வானிலைத் துறையைத் தொடங்க வைத்தன.

அண்மை ஆராய்ச்சிகளும் ஏறக்குறைய இதையே சொல்கின்றன. 2001-ல் அமெரிக்காவின் புளோரிடாவில் ஒரு ஆழமில்லாத விரிகுடாவில் குட்டிச் சுறாக்களுக்குக் கருவி பொருத்திக் கண்காணித்தார்கள். கேப்ரியல் புயல் நெருங்கி அழுத்தம் இறங்கியதும், அவை ஆழமான தண்ணீருக்குப் போய்விட்டன. புயல் ஓய்ந்த பின் திரும்பி வந்தன. தைவானை ஒட்டிய ஒரு தீவில், 2009-ல் மொராகாட் சூறாவளிக்கு முன்பு கரையோரக் கடல்பாம்புகள் கண்ணில் படாமல் மறைந்தன. ஆகவே டீக்கடை நண்பரின் காக்கா கதையை நான் ஒதுக்கித் தள்ளமாட்டேன்.

ஆனால் எல்லா ஆபத்தும் அவற்றுக்குத் தெரியும் என்று சொன்னால் ஒப்பமாட்டேன். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கை யாலா காட்டு யானைகள் முன்பே ஓடிவிட்டன என்று எல்லோரும் பேசினோம். அங்கே ஏற்கெனவே சாட்டிலைட் பட்டை கட்டியிருந்த யானைகளின் நடமாட்டத்தை ஆராய்ந்தவர்கள், அப்படி எந்த ஆறாம் அறிவும் தெரியவில்லை என்றார்கள். மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்துக்கு எண்ணெய் வந்தபோது நம் கூழைக்கடாக்கள் அதில் இறங்கி, இறகெல்லாம் கறுத்து நின்றதை நாம் பார்த்தோமே.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் ஒரே நாளில் வலுத்தது. கன்னியாகுமரி, கேரளக் கரையோர மீனவர்கள் பலர் அதற்கு முன்பே தொலைதூரக் கடலில் இருந்தார்கள். எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை, நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. கரையில் எந்த நாய் படியேறினாலும் அவர்களுக்கு என்ன பயன்? 2019-ல் 'ஜெமினி' என்ற கருவியைக் கொண்டுவந்தார்கள். செல்போன் சிக்னல் எட்டாத ஆழ்கடலிலும் சாட்டிலைட் வழியாகப் புயல் செய்தியை வாங்கி, படகில் இருப்பவரின் செல்போனில் காட்டும். வெளிவந்தபோது செய்தியைக் கேட்கத்தான் முடியும், படகிலிருந்து திருப்பிப் பேச முடியாது.