ஆஸ்கர் நாயகிக்கு காமெடி டியூஷன்!

ஆஸ்கர் வாங்கின நடிகைக்கு காமெடி சொல்லிக்கொடுக்க ஆள் வேணுமா? வேணும்! 1938-ல வெளியான 'பிரிங்கிங் அப் பேபி' பார்த்திருக்கீங்களா? டைனோசர் எலும்போடு அல்லாடும் விஞ்ஞானி கேரி கிராண்ட், அவரைப் படுத்தி எடுக்கும் பணக்காரப் பொண்ணு கேத்தரின் ஹெப்பர்ன், கூடவே 'பேபி'ங்கிற ஒரு சிறுத்தை. லாஜிக் எல்லாம் கேட்கக் கூடாது.

கிராண்டுக்குப் பிரச்னை இல்லை. சின்ன வயசுலயே சர்க்கஸ் வித்தை கத்துக்கிட்டவர். ஆனா, அழுத்தமான வேடங்கள்ல பேர் வாங்கின ஹெப்பர்ன், 'நான் காமெடி பண்றேன் பாருங்க'ன்னு காட்டிக் காட்டி நடிச்சார். சிரிப்பே வரலை. இயக்குநர் ஹாவர்ட் ஹாக்ஸ் சொல்லிப் பார்த்தார், வேலைக்கு ஆகலை. கடைசியில, பழைய மேடை காமெடியன் வால்டர் கேட்லட்டைக் கூப்பிட்டார். அவர் ஹெப்பர்னோட சீனை படு சீரியஸா நடிச்சுக் காட்டினார். அப்போதான் புரிஞ்சது... அது காமெடின்னு அந்தக் கேரக்டருக்குத் தெரியவே கூடாது! 'இவர் படத்துல இருந்தே ஆகணும்'னு ஹெப்பர்ன் அடம்பிடிக்க, கேட்லட் கான்ஸ்டபிள் ஆனார்.

படம் அப்போ ஓடலை. அதே வருஷம் தியேட்டர் உரிமையாளர்கள் ஹெப்பர்னை 'பாக்ஸ் ஆபீஸ் விஷம்'னே விளம்பரம் கொடுத்தாங்க. பாவம்! 1990-ல அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டுல இதே படத்தைச் சேர்த்தாங்க.

கறுப்பு வெள்ளைன்னு ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க. கிழிஞ்ச கவுனை மறைக்க, கிராண்ட் பின்னாடியே ஒட்டி நடக்கிற சீனையாவது பார்த்துடுங்க.