பல செயலிகள் இழுத்த தேர்

மந்திர் மார்க் வாழ் தமிழ் நேயர்களே! உங்கள் தெருவிலிருந்து சில கல் தொலைவில், லோதி சாலை வானிலை மாளிகையில், 1989இல் கிரே எக்ஸ்-எம்.பி. 14 என்னும் அமெரிக்கக் கணிப்பொறி இயங்கத் தொடங்கிற்று. பாரதம் கேட்டது இரு செயலிகள் கொண்ட பொறி. ஏற்றுமதிக் கட்டுப்பாட்டால் கிடைத்ததோ ஒற்றைச் செயலிப் பொறி.

அத்தடையே ஊக்கமாயிற்று. 1988இல் தோன்றிய சி-டாக் நிறுவனம், விஜய் பட்கர் தலைமையில், 1991இல் புனே நகரில் பரம் 8000 பொறியைப் படைத்தது. அதில் 64 செயலிகள் கூடி உழைத்தன.

தேர்வடம் பிடிக்க ஆள் சேர்ப்பது எளிது. அனைவரையும் ஒருசேர இழுக்கச் செய்வதே அரிது. செயலிகளுக்கு வேலையைப் பங்கிட வேண்டும். ஒன்றன் விடைக்காக மற்றொன்று காத்திருக்கவும் வேண்டும். தனித்தனி நினைவகம் கொண்ட அச்செயலிகள் செய்தி பரிமாறி இயங்கப் பராஸ் என்னும் மென்பொருள் துணைநின்றது. பொறியினும் அரிதாக நம்மவர் ஈட்டியது, பலவற்றை ஒன்றாய் இயக்கும் இவ்வறிவே ஆகும்.