கல்வெட்டும் கணினி நிரலும்

ஏனாத்தூரில் வாழும் எனக்கு உத்திரமேரூர் தொலைவான ஊரன்று. ஆண்டுக்கு ஒரு முறையேனும் அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குச் சென்று, மண்டபச் சுவரில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுக்களைக் கண்டு வருவது என் வழக்கம். முதற் பராந்தக சோழன் காலத்தில் குடவோலை முறையால் ஊர் வாரியங்களைத் தேர்ந்தெடுத்த வகையை அவை கூறுகின்றன என்பதை நேயர்கள் அறிவார்கள். அம்முறையின் அரசியற் சிறப்பைப் பற்றி அறிஞர் பலர் பேசியுள்ளனர். அவ்வூரார் தம் விதிகளைக் காத்து வைத்த பாங்கைப் பற்றியே நான் இன்று பேச விரும்புகிறேன்.

அங்கே அவ்விதிகளைக் கூறும் கல்வெட்டுக்கள் இரண்டு உள்ளன. ஒன்று கி.பி. 919ஆம் ஆண்டினது, மற்றொன்று 921ஆம் ஆண்டினது. வாரியத்திற்கு வரத்தக்கவர் 30 வயதுக்கு மேலும் 60 வயதுக்குள்ளும் இருத்தல் வேண்டும் என்றது முதல் விதி. இரண்டே ஆண்டுகளில் அதனை 35 என்றும் 70 என்றும் திருத்தினர். திருத்திய பின்னும் பழைய விதியைச் செதுக்கி எறிந்தார்களில்லை. இரண்டையும் விட்டு வைத்தமையால், எது இருந்தது, எது மாறிற்று, எப்போது மாறிற்று என்பவற்றை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் நாம் படித்தறிகிறோம்.

நம் காலத்து விதிகளில் பெரும்பகுதி இன்று கணினிக்குள் இருக்கிறது. வங்கிக் கணக்கும், இரயில் முன்பதிவும், நாம் தட்டச்சுச் செய்யும் தமிழும் நிரல்களின்படியே நடைபெறுகின்றன. கணினி புரிந்து இயங்கும் வடிவம் ஒன்று. மனிதர் எழுதிய வடிவம் மற்றொன்று. பின்னதையே மூல நிரல் என்கிறோம். அதனை எவரும் படிக்கலாம், படி எடுக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கு வழங்கலாம் என்னும் உரிமையோடு வெளியிடுவதே திறந்த மூல மென்பொருள். 1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்த குனூ திட்டமும், 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸும் இவ்வழியில் வளர்ந்தவை.

இதனைக் காப்பதால் எளிய மனிதனுக்கு என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். நான் பட்டறிந்த ஒன்றையே விடையாகக் கூறுகிறேன்.

1998ஆம் ஆண்டில் எங்கள் வட்டாரத்து மூதாட்டியர் பாடிய நடவுப் பாட்டுக்களையும் தாலாட்டுக்களையும் திரட்டிக் கணினியில் ஏற்றினேன். அக்காலத்தில் தமிழ் மென்பொருள் செய்த ஒவ்வொருவரும் தமக்கென ஓர் எழுத்துருவும் குறிமுறையும் வைத்திருந்தனர். ஓரிடத்தில் ககரத்தைக் குறித்த எண் வேறோரிடத்தில் ழகரத்தைக் குறிக்கும். நான் வாங்கிய மென்பொருளைச் செய்த நிறுவனம் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. பின்னர்ப் புதிய கணினியில் என் கோப்புக்களைத் திறந்தபோது, பொருளற்ற குறிகளே வரிசை வரிசையாய்த் தோன்றின. என் கையெழுத்துப் படியோ 2015ஆம் ஆண்டுப் பெருமழையில் நனைந்து அழிந்தது. பாடிக் கொடுத்தவர்களுள் ஒருவரும் அப்போது உயிருடன் இல்லை.

அண்டை வீட்டுக் கல்லூரி மாணவர் ஒருவர், பழைய தமிழ்க் குறிமுறைகளை ஒருங்குறிக்கு மாற்றும் திறந்த மூல நிரல் ஒன்றைத் தேடி எடுத்தார். அது முதலில் வைக்கப்பட்டிருந்த இணையத்தளம் மறைந்து போயிருந்தது. யாரோ ஒருவர் எடுத்து வைத்த படி மட்டும் எஞ்சியிருந்தது. என் எழுத்துருவுக்குரிய அட்டவணை அதில் இல்லை. ஆயினும் மூல நிரல் திறந்திருந்தமையால் அதன் வழியை அவர் படித்துணர்ந்தார். நான் முன்பு அச்சிட்டு வைத்திருந்த ஒரே ஒரு தாளை வைத்துக்கொண்டு, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் புதிய அட்டவணை அமைத்தார். நான்காம் நாள் மாலை, ஒரு தாலாட்டின் முதலடி திரையில் நல்ல தமிழாய்த் தோன்றியபோது என் கண்கள் கலங்கின. வட்டு பழுதுபட்டிருந்தமையால் மூன்று பாட்டுக்கள் மீளவில்லை. ஏனையவை மீண்டன.

ஏட்டுச் சுவடிகளின் வரலாற்றை அறிந்தவர்க்கு இது புதிதாகத் தோன்றாது. ஓலை நெடுங்காலம் நில்லாது. தலைமுறைதோறும் படி எடுத்தமையாலேயே நூல்கள் பிழைத்தன. படி எடுப்பார் இல்லாத நூல்கள் செல்லுக்கு இரையாயின. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது, நச்சினார்க்கினியர் உரை அவருக்குப் பெருந்துணையாயிற்று. நிரலுக்கும் உரை வேண்டும். எழுதியவர் ஏன் இவ்வாறு எழுதினார் என்னும் குறிப்பு இல்லையேல், பின்வருவோர் அதனைக் கண்டும் விளங்கிக் கொள்ள மாட்டார்.

மேலைநாட்டிலும் இதே கதைதான். 1969இல் மனிதரைச் சந்திரனுக்கு அழைத்துச் சென்ற அப்பல்லோ 11 விண்கலத்துக் கணினியின் நிரல் அச்சிட்ட தாள்களில் எஞ்சியிருந்தது. ஆர்வலர்கள் அத்தாள்களைப் பார்த்து மீண்டும் கணினியில் ஏற்றி உலகிற்கு அளித்தனர். நிரல்களைச் சேர்த்து வைத்த பெரிய தளங்களும் நிலைத்தவை அல்ல. கிட்டோரியஸ் என்னும் தளம் 2015இல் மூடப்பட்டது. கூகுள் கோடும் அடுத்து மூடப்பட்டது. பிரான்சு நாட்டின் இன்ரியா ஆய்வு நிறுவனம் 2016இல் அறிமுகம் செய்த 'சாஃப்ட்வேர் ஹெரிடேஜ்' காப்பகம் அவ்விரண்டின் நிரல்களையும் திரட்டிக் காத்தது. திருத்தம் ஒவ்வொன்றையும் அதன் வரலாற்றோடு சேமிப்பது அதன் நெறி. 2020இல் கிட்ஹப் நிறுவனம், 21 டெராபைட் அளவுள்ள நிரல்களைப் படச்சுருள்களில் பதித்து, வடதுருவத்தை அடுத்த ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் கைவிடப்பட்ட நிலக்கரிச் சுரங்கத்தில் வைத்தது. ஆயிரம் ஆண்டுகள் நிலைக்க வேண்டும் என்பது அவர்கள் நோக்கம்.

இவை பெரியோர் செய்யும் பெரும்பணிகள். நம் தமிழ் எழுத்துருக்களையும், விசைப்பலகை நிரல்களையும், குறிமாற்றிகளையும் தேடிச் சேர்க்க வேண்டியவர் நாமே. 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம்கூடத் தன் நூல்களைப் பழைய திஸ்கி குறிமுறையிலிருந்து ஒருங்குறிக்கு மாற்ற வேண்டியதாயிற்று. மாற்றும் கருவி மறைந்தால், மாற்றப்படாத ஏடுகள் யாவும் ஊமையாகிவிடும். ஆதலின், பழைய தமிழ் நிரல் ஏதேனும் தம்மிடம் வைத்திருப்போர், அதனை எழுதியவரின் இசைவு பெற்று, ஆண்டும் விளக்கமும் குறித்துப் பொதுக் காப்பகத்தில் சேர்க்க வேண்டுகிறேன். ஒரு படி போதாது. பல இடங்களில் பல படிகள் இருத்தல் நன்று. புதியது வந்ததென்று பழையதை அழித்துவிடவும் வேண்டா.

சென்ற திங்களில் மீண்டும் உத்திரமேரூர் சென்றேன். அம்மாணவரும் உடன் வந்தார். இரண்டு கல்வெட்டுக்களையும் மாறி மாறி நெடுநேரம் நோக்கியிருந்தார். பிறகு, எனக்காகத் தாம் அமைத்த அட்டவணையை மூல நிரலோடு சேர்த்துக் காப்பகத்திற்கு முன்தினமே அனுப்பிவிட்டதாகக் கூறினார். என் பாட்டுக்களைப் போல் எங்கோ ஒரு வட்டில் கிடக்கும் வேறொருவர் எழுத்தும் அதனால் ஒருநாள் வாய்திறக்கும் என்று நம்புகிறேன்.