மலை ஏறியவர்களும் ரயில் ஏறியவர்களும்



சென்ற வாரம் ஒரு வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, அவ்வீட்டுப் பாட்டியம்மாளும் எட்டு வயதுப் பேத்தியும் ஒரே பழைய திரைப்படத்தைப் பற்றி ஒருவரையொருவர் முந்திக்கொண்டு பேசக் கேட்டேன். பாட்டியம்மாள் அதைத் தம் கல்லூரி நாட்களில் தோழியரோடு கொட்டகையில் பார்த்தவர். பேத்தி அதைத் தாயின் கைப்பேசியில் பார்த்தவள். இருவருக்கும் பாடல்கள் மனப்பாடம். நடுவே அச்சிறுமி என்னிடம் திரும்பி, "ஐயா, அவங்க நெஜமாவே மலை ஏறித்தான் தப்பிச்சாங்களா?" என்று கேட்டாள். இல்லை என்று ஒரே சொல்லில் விடையளித்துவிட்டு வந்தேன். அவள் முகம் வாடியது. அந்த ஒரு சொல் போதாது என்று வழியெல்லாம் தோன்றிக்கொண்டே இருந்ததால், மீதியை இங்கே எழுதுகிறேன்.

அத்திரைப்படம் 1965-ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளியான 'சவுண்ட் ஆஃப் மியூசிக்'. இராபர்ட் வைஸ் இயக்கியது; ஜூலி ஆண்ட்ரூஸ், கிறிஸ்டோபர் பிளம்மர் ஆகியோர் நடித்தது. ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓடக்கூடியது. சிறந்த திரைப்படத்திற்கான விருது உட்பட ஐந்து ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது. இதற்கு முன்பே, 1959-இல், இரிச்சர்ட் ராட்ஜர்ஸ் இசையமைக்க ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் பாடல்கள் எழுதிய மேடை நாடகமாக இது நியூயார்க்கில் அரங்கேறியிருந்தது. 'எடல்வைஸ்' என்னும் மலைப் பூவைக் குறித்த பாடலை ஆஸ்திரிய நாட்டுப்பாடல் என்று இன்றும் பலர் எண்ணுகிறார்கள். அது புற்றுநோயால் மரணத்தை நெருங்கிக்கொண்டிருந்த ஹாமர்ஸ்டைன் கடைசியாக எழுதிய பாடல். 1960 ஆகஸ்டில் அவர் காலமானார். திரைப்படத்தை அவர் பார்க்கவில்லை.

கதை உங்களுக்குத் தெரிந்ததே. சால்ஸ்பர்க் நகரின் நொன்பெர்க் மடத்தில் துறவறம் பழகும் மரியா என்னும் இளம்பெண், மனைவியை இழந்த கடற்படைத் தலைவர் ஒருவரின் ஏழு பிள்ளைகளுக்கு ஆசிரியையாக அனுப்பப்படுகிறாள். பாடலுக்கு இடமில்லாத வீடு அது. விசில் ஊதிப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிற தகப்பன். அவள் பாடக் கற்றுத்தருகிறாள்; தகப்பனின் மனம் இளகுகிறது; திருமணம் நடக்கிறது. அதற்குள் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்துவிட, குடும்பம் மலைகளைக் கடந்து தப்புகிறது. 1969-இல் வந்த நம் 'சாந்தி நிலையம்' படத்தில், குறும்புப் பிள்ளைகள் நிறைந்த வீட்டிற்கு வந்துசேரும் ஆசிரியையாகக் காஞ்சனாவைப் பார்த்த பெரியவர்கள் இக்கதையின் சாயலை அங்கும் கண்டிருப்பார்கள்.

அறுபது ஆண்டுகளாகக் குடும்பங்கள் இதை ஏன் மீண்டும் மீண்டும் பார்க்கின்றன? விமரிசகர்கள் பலர் அந்நாளிலேயே இதைச் சர்க்கரைப் பாகு என்று ஒதுக்கினார்கள். ஆயினும் சில ஆண்டுகளுக்குள் அதுவரை வந்த படங்கள் யாவற்றையும்விட அதிக வசூல் ஈட்டியது இதுவே. மலைகளின் அழகும் பாடல்களின் எளிமையும் காரணம் என்பார்கள், ஒத்துக்கொள்ளலாம். என் மனதில் பதிந்திருப்பது வேறொரு காட்சி. கூடத்தில் பிள்ளைகள் பாடுவதைக் கேட்டு உள்ளே வருகிற தகப்பன், தானும் அறியாமல் அவர்களோடு சேர்ந்து பாடத் தொடங்குகிறான். துக்கத்தினால் ஊமையாகிப்போன ஒரு மனிதன் தன் பிள்ளைகளின் முன்னிலையில் குரலைத் திரும்பப் பெறுகிறான். (அங்கே நாம் கேட்கும் குரல் பிளம்மருடையது அன்று; வேறொரு பாடகர் பின்னணி பாடியிருக்கிறார். காட்சியின் வலிமை அதனால் குறைந்துவிடவில்லை.) நம் வீடுகளிலும் அப்படிப்பட்ட தகப்பன்மார் உண்டு. மனைவியை அடக்கம்பண்ணிய நாளோடு குடும்ப ஜெபத்தில் கீர்த்தனை பாடுவதை நிறுத்திவிட்ட ஒருவரை நான் அறிவேன். ஆகையால்தான் பிள்ளைகள் பாடலுக்காகப் பார்க்கிற இப்படத்தை, பெரியவர்கள் அந்த ஒரு நிமிடத்திற்காகப் பார்க்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

ஆனால் உண்மையான கேயோர்க் வான் டிராப் அப்படிப்பட்டவர் அல்லர். சரித்திரத்தைப் படித்தபோது முதலில் எனக்கு வருத்தம் தந்தது இதுவே. முதல் உலகப்போரில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் நீர்மூழ்கிக் கப்பல் தலைவராகப் புகழ்பெற்றவர் அவர். போர் முடிந்ததும் ஆஸ்திரியா தன் கடற்கரை முழுவதையும் இழந்தது. கடல் இல்லாத நாட்டில் கடற்படைத் தலைவராக அவர் எஞ்சினார். 1922-இல் முதல் மனைவி அகதே செந்நச்சுக் காய்ச்சலால் இறந்தார். விசில் ஊதிப் பிள்ளைகளை அழைத்தது மெய்தான். பெரிய வீட்டிலும் தோட்டத்திலும் குரல் எட்டாததால் அப்படிச் செய்தார். மற்றபடி அவர் மென்மையானவர் என்றும், மரியா வருவதற்கு முன்பே தங்கள் வீட்டில் இசை நிறைந்திருந்தது என்றும் அவருடைய பிள்ளைகள் முதுமை வரையிலும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சட்டென்று கோபம் மூள்கிற சுபாவம் மரியாவுடையது. மூண்ட வேகத்திலேயே அது தணிந்தும் போகுமாம். கணவரின் சித்திரிப்பைச் சற்று மென்மையாக்கும்படி மரியா இயக்குநரிடம் கேட்டுப் பார்த்தார், பலிக்கவில்லை. கேயோர்க் 1947-லேயே மரித்துப்போனதால், உலகம் தம்மை எப்படி நினைவுகூரப்போகிறது என்பதை அவர் அறியவில்லை.

மரியா அவ்வீட்டிற்கு வந்தது 1926-இல். ஏழு பிள்ளைகளுக்கும் ஆசிரியையாக அல்ல. நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்த ஒரே ஒரு மகளுக்குப் பாடம் சொல்லித்தர வந்தார். அம்மகளின் பெயரும் மரியாவே. அடுத்த ஆண்டு நவம்பரில் திருமணம் நடந்தது. மணமகளுக்கு வயது 22, மணமகனுக்கு 47. திரைப்படத்தில் தோட்ட மண்டபத்து நிலவொளியில் மலர்கிற காதல் மெய்வாழ்வில் அந்நாளில் இல்லை. மரியா அதை ஒளிக்காமல் எழுதிவைத்திருக்கிறார். அவர் நேசித்தது பிள்ளைகளை. மணக்கும்படி கேட்கப்பட்டபோது கலங்கி மடத்திற்கு ஓடினார்; அதுவே தேவசித்தம் என்று மடத்தார் சொன்னார்கள். திருமண நாளில் அவர் உள்ளத்தில் இருந்தது மகிழ்ச்சியன்று, கன்னியாகத் தம்மை ஏற்றுக்கொள்ளாத தேவன்மேல் கோபம். கணவரை உயிருக்கு உயிராக நேசித்தது பிறகுதான், மெல்ல மெல்ல. பெற்றோர் பார்த்து முடித்த திருமணங்களில் வாழ்ந்து மூத்த நம் தாய்மாருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நிலவொளிப் பாடலைவிட இந்தப் பகுதியே அவர்களுக்குப் பழக்கமானதாக இருக்கும்.

பிறகு வறுமை வந்தது. 1935-இல் அவர்கள் பணம் போட்டிருந்த வங்கி முறிந்துபோனது. வேலைக்காரர்களில் பெரும்பாலோரை அனுப்பிவிட்டு, குடும்பம் மேல்மாடிக்கு ஒதுங்கி, மற்ற அறைகளை வாடகைக்கு விட்டது. அப்படித் தங்க வந்தவர்களில் ஒருவர் பிரான்ஸ் வாஸ்னர் என்னும் இளம் குருவானவர். திரைப்படத்தில் இவருக்கு இடமேயில்லை. ஆனால் இவர்தான் அக்குடும்பத்தைப் பல குரலில் ஆலய இசை பாடும் குழுவாகப் பயிற்றுவித்தவர், இருபது ஆண்டுகள் அவர்களுடன் நாடு நாடாகச் சென்றவர். அடுத்த ஆண்டே சால்ஸ்பர்க் பாட்டுப்போட்டியில் அவர்கள் முதற்பரிசு பெற்றார்கள். உயர்குடியில் பிறந்த தகப்பனாருக்குத் தம் பிள்ளைகள் மேடையேறிக் காசுக்குப் பாடுவது மிகுந்த கூச்சத்தைத் தந்தது. தேவசித்தம் என்று எண்ணித்தான் அவர் அதற்கு இசைந்தார்.

1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவைத் தன் நாட்டோடு சேர்த்துக்கொண்டான். திரைப்படத்தில் அப்போதுதான் திருமணம் முடிந்து திரும்பிவருகிறார்கள். மெய்யாகவோ திருமணமாகிப் பத்து ஆண்டுகள் கடந்திருந்தன, மூத்த மகன் ரூப்பர்ட்டுக்கு 26 வயது, மேலும் இரு பெண்குழந்தைகள் பிறந்திருந்தார்கள், இன்னொரு பிள்ளை விரைவில் பிறக்கவிருந்தது. அந்த நாட்களில் இக்குடும்பத்தின் வாசலுக்கு மூன்று அழைப்புகள் வந்தன. கேயோர்க்குக் கடற்படையில் மீண்டும் நீர்மூழ்கிக் கப்பல் பொறுப்பு. அப்போதுதான் மருத்துவப் படிப்பை முடித்திருந்த ரூப்பர்ட்டுக்கு வியன்னா மருத்துவமனையில் உயர்ந்த பதவி. குடும்பம் முழுவதற்கும் ஹிட்லரின் பிறந்தநாள் விழாவில் பாடுகிற கௌரவம்.

பிரியமானவர்களே, இந்த மூன்றையும் சற்று நிதானித்துப் பாருங்கள். இவற்றில் ஒன்றும் பயமுறுத்தலாக வரவில்லை, பரிசாக வந்தது. கடலை இழந்த மாலுமிக்குக் கடல் கிடைக்கிறது. புதிய மருத்துவனுக்கு வேலை கிடைக்கிறது. ஆனால் யூத மருத்துவர்களைத் துரத்தியதால் காலியான இடங்கள் அவை என்பதை அவன் அறிவான். பணமிழந்த குடும்பத்திற்குப் புகழும் பாதுகாப்பும் கிடைக்கின்றன. தகப்பனார் தாமாக முடிவெடுத்து அறிவிக்கவில்லை. குடும்பத்தைக் கூட்டினார். இந்த வீட்டையும் உடைமைகளையும் நண்பர்களையும் வைத்துக்கொள்வதா, விசுவாசத்தையும் மானத்தையும் வைத்துக்கொள்வதா, இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது என்று சொல்லி அவர்களிடமே கேட்டார். எல்லாரும் ஒருமனமாய்ப் புறப்படச் சம்மதித்தார்கள். நேபுகாத்நேச்சாரின் பொற்சிலைக்கு முன் நின்ற மூவரை நாம் ஞாயிறு பள்ளியில் படித்திருக்கிறோம். அவர்கள் வாலிபர்கள், தனியாட்கள். மனைவி மக்களோடு அவ்விடத்தில் நிற்கிறவனுடைய நிலை இன்னும் கடினமானது.

திரைப்படத்தில் கேப்டன் தம் வீட்டில் தொங்கவிடப்பட்ட கொடியை இரண்டாகக் கிழிக்கிறார். பிறகு மடத்துத் தலைவி 121-ஆம் சங்கீதத்தை நினைவூட்டி அவர்களை அனுப்புகிறார். துரத்தி வந்தவர்களின் மோட்டார் வண்டியிலிருந்து கழற்றிய பாகங்களைக் கன்னியர் இருவர் கையில் வைத்துக்கொண்டு பாவ அறிக்கை செய்கிறார்கள். களவைப் பற்றிய கற்பனையைப் போதிக்கிற நான் அவ்விடத்தில் ஒவ்வொரு முறையும் சிரித்துவிடுகிறேன்.

மெய்யாக நடந்ததில் கொடியைக் கிழிப்பதும் இல்லை, துரத்தலும் இல்லை. கொடியேற்ற மறுத்தார்கள், அவ்வளவே. பின்பு பகல் வேளையில் ரயில் ஏறி இத்தாலிக்குச் சென்றார்கள். கேயோர்க் பிறந்த ஸாரா நகரம் போருக்குப்பின் இத்தாலிக்கு உரியதாகிவிட்டதால், அவர்களுக்கு இத்தாலியக் குடியுரிமை இருந்தது. திரைப்படத்தில் காட்டப்படுவதுபோலச் சால்ஸ்பர்க்கின் மலையைக் கடந்திருந்தால் அவர்கள் போய்ச் சேர்ந்திருக்கக்கூடிய இடம் ஜெர்மனி. அதுவும் ஹிட்லரின் மலை மாளிகைக்கு அருகே. சுவிட்சர்லாந்தோ மேற்கே வெகு தொலைவில் இருந்தது. அவர்கள் விட்டுச்சென்ற வீட்டில் பின்னாளில் ஹிம்லர் குடியேறினான்.

இத்தாலியிலிருந்து அமெரிக்கா. கடைசிப் பிள்ளை யோஹான்னஸ் 1939 ஜனவரியில் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தான். பேருந்தில் ஊர் ஊராகச் சென்று பாடினார்கள். 1942-இல் வெர்மான்ட் மாநிலத்தின் ஸ்டோ என்னும் மலையூரில் ஒரு பழைய பண்ணையை வாங்கிக் குடியேறினார்கள். ரூப்பர்ட்டும் அவன் தம்பி வெர்னரும் அமெரிக்க இராணுவத்தில் சேர்ந்து, ஹிட்லருக்கு எதிராகப் போரிட ஐரோப்பாவுக்குத் திரும்பிச் சென்றார்கள். போர் முடிந்து ஆஸ்திரியா பசியில் கிடந்தபோது, இக்குடும்பம் தன் கச்சேரிகளுக்கு வந்தவர்களிடம் உணவும் உடையும் திரட்டி அந்நாட்டுக்கு அனுப்பியது. தங்கள் வீட்டைப் பறிகொடுத்த அதே நாட்டுக்கு! திரைப்படம் முடிகிற இடத்திற்கு ஒன்பது ஆண்டுகளுக்குப்பின் நடந்த இதை அத்திரைப்படம் காட்டவில்லை.

திரைப்படத்தின் பெருஞ்செல்வமும் அவர்களைச் சேரவில்லை. தம் வாழ்க்கைக் கதையின் உரிமையை மரியா 1950-களிலேயே ஒரு ஜெர்மன் படத் தயாரிப்பாளருக்கு 9,000 டாலருக்கு விற்றுவிட்டிருந்தார். அந்நாட்களில் அவர் சில பிள்ளைகளோடு நியூகினியில் மிஷனரிப் பணியும் செய்தார். 1965 படத்தில் ஓரிடத்தில், ஜூலி ஆண்ட்ரூஸ் பாடிக்கொண்டு தெருவில் செல்லும்போது, பின்னால் ஒரு வளைவின் கீழே சில பெண்கள் கடந்துபோகிறார்கள். அவர்களில் ஒருவர் உண்மையான மரியா. கண் இமைத்தால் தவறிவிடும்.

ஆகையால் அந்தப் பேத்திக்கு நான் சொல்லியிருக்கவேண்டியது இதுதான்: அம்மா, அவர்கள் மலை ஏறவில்லை, குடும்பமாக உட்கார்ந்து, பெரியவர்களும் பிள்ளைகளுமாகப் பேசி, மறுபடியும் ஒரு தரம் ஏழைகளாகச் சம்மதித்து, ரயில் ஏறினார்கள். அடுத்த வாரம் அந்த வீட்டிற்கு மீண்டும் செல்கிறேன். நீங்களும் இந்த விடுமுறையில் பிள்ளைகளோடு அப்படத்தைப் பார்ப்பீர்களானால், கொடி கிழிகிற காட்சியில் சற்று நிறுத்தி, அந்தத் தகப்பனார் மெய்யாகவே தம் பிள்ளைகளிடம் கேட்ட கேள்வியை உங்கள் பிள்ளைகளிடம் கேட்டுப்பாருங்கள். அவர்கள் சொல்லும் பதிலை எனக்கும் எழுதியனுப்புங்கள்.