மெத்தைக்குள் ஒரு பால்மரக் கதை

மஸ்ஜித் இந்தியாவில் துணி எடுக்கப் போகிறோம். கால் வலிக்குதேன்னு கடையில் ஒரு மெத்தை நாற்காலியில் உட்காருகிறோம். அந்த மெத்தைக்கும் நம்ம தாத்தா பாட்டி வெட்டிய பால்மரத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. வகுப்பில் சொல்ல ஏற்ற கதை, ஆசிரியர்களே.

1929ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில், டன்லப் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் இ. ஏ. மர்பி என்ற வேதியியலாளர் வேலை செய்தார். கேக் மாவு அடிக்கும் கருவியால் ரப்பர் பாலை நுரைக்க அடித்துப் பார்த்தார் என்பார்கள். முட்டை வெள்ளைக்கருவை அடித்தால் பொங்குமே, அதே மாதிரிதான். ஆனால் நுரை அமுங்கிவிடுமே? அதற்கு முன்பே அதை உறைய வைக்க ஒரு வேதிப்பொருளைச் சேர்த்தார்கள். பிறகு கந்தகம் கலந்த அந்த நுரையை அச்சில் ஊற்றிச் சூடாக்கினார்கள். காற்றறைகள் நிறைந்த மெத்தை கிடைத்தது. டன்லப் அதற்குக் காப்புரிமை பெற்றது. ‘டன்லப்பில்லோ’ என்ற பெயர் உலகமெங்கும் பரவியது.

இதில் மாணவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: நுரை அடிக்கப் பால் திரவமாகவே இருக்க வேண்டும். மரத்திலிருந்து இறங்கிய பால் சில மணி நேரத்திலேயே கெட்டியாகத் தொடங்கிவிடும். அதனால் அமோனியா கலந்து காத்தார்கள். கப்பலேற்றும் முன், சுழற்றும் இயந்திரத்தில் தண்ணீரைப் பிரித்து, ரப்பர் அளவைச் சுமார் 60 விழுக்காட்டுக்கு உயர்த்தினார்கள்.

அந்தப் பால் எங்கிருந்து போனது? டன்லப்புக்கு மலாயாவிலேயே சொந்தத் தோட்டங்கள் இருந்தன. ஐரோப்பியரின் பெரிய தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, வெயில் ஏறுவதற்குள் வெட்டி முடித்து, மங்கு மங்காகப் பாலை வாளியில் ஊற்றி, ஸ்டோருக்குத் தூக்கிப் போனவர்கள்.

1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பாயர் குழுவினர் பாலியூரித்தேன் என்ற நெகிழியைக் கண்டுபிடித்துக் காப்புரிமை எடுத்தார்கள். பின்னர் அதிலிருந்து நுரை செய்யும் முறையும் வந்தது. விலை குறைவு, பால்மரமும் தேவையில்லை. இன்று நாற்காலிகளில் பெரும்பாலும் இருப்பது அதுதான்.

காப்புரிமையில் கண்டுபிடித்தவர் பெயர் இருக்கும். மூலப்பொருளைத் தந்த கைகளின் பெயர் இருக்காது. அதை எழுதி வைப்பது நம்ம வேலை. “உங்க வீட்டுல யார் பால் வெட்டினாங்க? எந்தத் தோட்டம்?” என்று மாணவர்களைக் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். சொல்லக்கூடிய பெரியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கும்போதே கேட்டுவிடுவோம்.